முயினத்திடம் யார் சொன்னது?

1

இந்தக் கதை என்னிடம் ஒரு பிழைச் செய்தியாக வந்தது. முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஒரே கைரேகை, இரண்டு பதிவு எண்கள். கணினி ஏற்க மறுத்தது.

ஆப்பிரிக்காவில், இபாதான் நகரில், பெயர் சொல்ல விரும்பாத ஓர் ஆஸ்பத்திரியின் பின்கட்டில், பக்கவாத ஆராய்ச்சி ஒன்றின் தரவுகளைச் சரிபார்ப்பது என் வேலை. இந்த ஊருக்கு வந்து பத்தொன்பது வருடம் ஆகிறது. படிவத்தில் ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவேன். நர்சுகளுக்கு என்னைக் கண்டாலே ஆகாது.

ஆப்பிரிக்க வம்சத்தவர்களுக்குப் பக்கவாதம் ஏன் இவ்வளவு சீக்கிரம் வருகிறது, அதற்கான காரணம் ரத்தத்தில் இருக்கிறதா, வாழ்க்கையில் இருக்கிறதா என்று தேடும் ஆராய்ச்சி இது. நல்ல நோக்கம். நல்ல நோக்கத்தை வாய்விட்டுத் திட்ட முடிவதில்லை, அதுதான் எனக்கு எரிச்சல்.

2

முதல் தொடக்கம்: 'மிளகாய் மில்லின் இரைச்சலுக்கு நடுவே முயினத்தின் வலது கை திடீரென்று—'

வேண்டாம். எடுத்த எடுப்பில் அவளை விழவைத்தால் நீங்கள் உச்சுக்கொட்டிவிட்டுப் பக்கத்தைத் திருப்பிவிடுவீர்கள்.

இரண்டாவது தொடக்கம்: 'ஆண்டுதோறும் உலகில் பக்கவாதத்தால்—'

இது அதைவிட மோசம். எண்களுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வது என் தொழில்; அதைக் கதையிலும் செய்யக் கூடாது.

ஆகவே அபொசெடேவிடமிருந்து தொடங்குகிறேன். ஆராய்ச்சி நர்ஸ், வயது முப்பத்தெட்டு. வேகமாக நடப்பாள், அதைவிட வேகமாகப் பேசுவாள். தவறு செய்தவள் அவள்தான். [இந்த வாக்கியத்தில் எனக்குச் சந்தேகம் இருக்கிறது. இப்போதைக்கு இருக்கட்டும்.]

3

ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு ஜோடி வேண்டும். அதே வயது, அதே பாலினம், அதே தெரு அல்லது அதே சந்தை, ஆனால் பக்கவாதம் வராதவர். நோயாளிகள் தானாக வந்துவிடுவார்கள். ஜோடியைத்தான் வலைவீசித் தேட வேண்டும்.

அன்று ரிஸிகத் என்ற தக்காளி வியாபாரி வார்டில் கிடந்தாள். அவளைப் பார்க்க அமலாக் களி எடுத்துக்கொண்டு வந்தவள்தான் முயினத், சந்தையில் பக்கத்து மிளகாய் மில்லுக்காரி. வராந்தாவிலேயே அபொசெடே அவளை மடக்கிவிட்டாள்.

"அல்ஹாஜா, உங்களுக்கு என்ன வயசு?"

"ஐம்பத்தொண்ணு. எதுக்குக் கேக்குற? மாப்பிள்ளை பாக்கப் போறியா?"

"பாத்துட்டாப் போச்சு. அதுக்கு முன்னாடி கொஞ்சம் ரத்தம் குடுங்க."

"சக்களத்தியும் கொசுவும் குடிச்சது போக மிச்சம் இருந்தா எடுத்துக்கோ. ஆனா எனக்குத்தான் ஒரு நோயும் இல்லையே?"

"அதனாலதான் நீங்க வேணும்."

முயினத்துக்கு வாயெல்லாம் பல். வார்டுக்குள் எட்டிப் பார்த்து, "கேட்டியா ரிஸிகத்! நான் நல்லா இருக்கேனாம், அதுக்கே என்னக் கூப்பிடுறாங்க!" என்று கத்தினாள்.

[அவர்கள் பேசியது யோருபாவில்; 'அல்ஹாஜா' ஹஜ் போய்வந்த அம்மாளுக்கான மரியாதைச் சொல். என் கையில் பட்டதும் முயினத் மதுரைக்காரி ஆகிவிட்டாள். அவளிடமும் மதுரையிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.]

விதிப்படி ரத்த அழுத்தத்தை மூன்று முறை பார்க்க வேண்டும். அபொசெடே மூன்று முறை பார்த்தாள். நூற்றுத் தொண்ணூற்றெட்டுக்கு நூற்றுப் பதினாறு. மூன்று முறையும் ஏறத்தாழ அதேதான்.

"எவ்வளவு காட்டுது?"

எந்த விதிப்புத்தகத்திலும் இல்லாத ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். ஊசி குத்துமுன் எண்ணைச் சொன்னால் ஆள் மிரண்டு எழுந்துபோய்விடுவார். ஓதிப்பார்க்கப் போவார், வேர்க் கஷாயத்துக்குப் போவார், ஜோடி போய்விடும். அதனால் முதலில் ரத்தம், பிறகு செய்தி. எல்லா நர்சும் அப்படித்தான் செய்வார்கள். எனக்கும் தெரியும்.

"கொஞ்சம் கூடத்தான் இருக்கு, அல்ஹாஜா. வெயில்ல நடந்து வந்தீங்கல்ல."

நான்கு குழாய் நிறைந்தது. பிறகு சொல்லலாம் என்று இருந்தவளை உள்ளேயிருந்து யாரோ அவசரமாகக் கூப்பிட்டார்கள். முயினத்தும் எழுந்துவிட்டாள், மில்லில் ஆள் இல்லையாம். ஆங்கிலத்தில் அச்சடித்த ஒரு கடிதத்தை அவள் கையில் திணித்து, "ஒருக்கா டாக்டர்கிட்ட காட்டிருங்க" என்று சொல்லிவிட்டு அபொசெடே உள்ளே ஓடினாள்.

அந்த நான்கு குழாய்களும் உறைந்து, விமானம் ஏறி, கடல் தாண்டிப் போயின.

4

பதினைந்து மாதம் கழித்து முயினத்தைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்தார்கள். வலது பக்கம் போய்விட்டது, பேச்சும் போய்விட்டது. படிவத்தோடு போன அபொசெடே முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். வாயில்லாத நோயாளிக்காகச் சொந்தக்காரர் பதில் சொல்லலாம். மகள் பஷீரத் சொன்னாள்.

நாற்பத்தோராம் கேள்வி: 'உங்களுக்கு ரத்தக் கொதிப்பு இருப்பதாக மருத்துவப் பணியாளர் எவராவது எப்போதாவது சொன்னதுண்டா? ஆம் / இல்லை.'

"யாரும் சொல்லல நர்சக்கா. சொல்லியிருந்தா சும்மா விட்டிருப்பமா? ஆஸ்பத்திரிலயே என்னய நல்ல ஆளுன்னு பொறுக்கி எடுத்தாங்கன்னு அம்மா சந்த முழுக்கச் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சாங்க. போன வருஷம் தலவலின்னாங்க, வாங்க காட்டலாம்னேன். எனக்கா நோயின்னு என்னயே கேலி பண்ணாங்க."

அப்போது முயினத் இடது கையை மெல்லத் தூக்கினாள். விரல் அபொசெடேவின் நெஞ்சுக்கு நேரே நின்றது.

"தண்ணி கேக்குறாங்க போல" என்றாள் பஷீரத்.

5

இதுவரை எழுதியதை அபொசெடேவிடம் படித்துக் காட்டினேன். அவள் உட்காரக்கூட இல்லை.

"அந்தம்மா கையத் தூக்கவே இல்ல, ஓகா. கண்ணக்கூடத் தொறக்கல."

'ஓகா' என்றால் முதலாளி. அவள் அதை மரியாதையாகச் சொல்லி நான் கேட்டதில்லை.

"கதைக்கு அது தேவைப்பட்டது" என்றேன்.

"எனக்கு அன்னிக்கு ஜோடி தேவைப்பட்ட மாதிரியா?"

நான் காகிதங்களை அடுக்கத் தொடங்கினேன்.

"தூக்கியிருந்தா எனக்கு எவ்வளவு நிம்மதியா இருந்திருக்கும் தெரியுமா? நீதான்னு ஒருத்தராவது சொல்லியிருப்பாங்க. அவ பொண்ணு எனக்கு நன்றி சொல்றா. அம்மாவ நல்லாப் பாத்துக்கிறீங்கன்னு ஆரஞ்சு கொண்டாந்து குடுக்குறா! நீங்க என்னடான்னா நோகாம ஒரு விரலத் தூக்கிவச்சு என்னத் தண்டிச்சுட்டுப் போறீங்க. சரி, சொல்லியிருந்தா மட்டும்? அந்த மாசம் டாக்டருங்க வேலைநிறுத்தம். கடிதாசிய யாருக்குக் காட்டியிருப்பா, வாட்ச்மேனுக்கா?"

கதவுவரை போனவள் திரும்பினாள்.

"மாசக் கடைசியில 'இன்னும் ஆறு ஜோடி குறைகிறது'ன்னு சிவப்பு எழுத்துல அனுப்பினது யாரு? அத எழுதினீங்களா உங்க கதையில?"

எழுதவில்லை. முதல் பகுதியைத் திரும்பிப் பாருங்கள். காலிக் கட்டத்தைத் திருப்பி அனுப்புகிறவன் என்று மட்டும் சொல்லி, சிடுமூஞ்சிக் குமாஸ்தா போல உங்களைச் சிரிக்கவைத்துத் தப்பப் பார்த்தேன். அந்தச் சிவப்பு எழுத்தை அனுப்பியது நான்தான்.

6

எனக்குக் கோபம். யார்மேல் என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

ஒரே ஆள் நோயாளியாகவும் ஜோடியாகவும் இருக்க முடியாது, பழைய ஜோடி எண்ணை நீக்கிவிடு என்று பெரிய டாக்டர் எழுதிவிட்டார். ஒரு வரிக் கடிதம். பழைய எண் போனால் அந்த நூற்றுத் தொண்ணூற்றெட்டும் போய்விடும். மிஞ்சுவது நாற்பத்தோராம் கேள்வி ஒன்றுதான்.

'ஆம்' என்று போட்டால், சொல்லியும் கேட்காதவர்களின் பட்டியலில் முயினத் சேர்வாள். கறுப்பர்கள் மருந்தை ஒழுங்காகச் சாப்பிட மாட்டார்கள் என்று ஏற்கெனவே நம்பிக்கொண்டிருக்கிறவனுக்கு இன்னொரு வரி கிடைக்கும். 'இல்லை' என்று போட்டால், அறியாதவர்களின் பட்டியல். மக்களிடம் விழிப்புணர்வு போதாது என்று யாரோ கட்டுரை எழுதுவார்கள். இரண்டிலும் குற்றவாளி அவள்தான். 'பார்த்தோம், மூன்று முறை பார்த்தோம், ரத்தம்தான் முக்கியம் என்று இருந்துவிட்டோம்' என்பதற்குக் கட்டம் கிடையாது. கட்டம் போட்டவர்கள் நாங்கள். எங்களுக்கு ஒரு கட்டம் போட்டுக்கொள்ளவில்லை.

இந்த மக்களைப் பற்றிய தரவு போதவில்லை என்று எல்லோரும் ஒப்பாரி வைக்கிறார்கள். என்ன போதவில்லை? அவள் கையில் பட்டையைச் சுற்றி உட்கார்ந்திருந்தாளே, எவ்வளவு என்று வாய்விட்டுக் கேட்டாளே!

7

ஒரு முடிவில் அபொசெடே பஷீரத்திடம் உண்மையைச் சொல்கிறாள், இருவரும் கட்டிக்கொண்டு அழுகிறார்கள். கிழித்துவிட்டேன். பஷீரத்தின் மன்னிப்பை எடுத்துக் கொடுக்க நான் யார்?

இன்னொரு முடிவில் நான் எழுந்து நின்று, பழைய எண்ணை நீக்க மாட்டேன் என்று பெரிய டாக்டரிடம்— சிரிக்காதீர்கள். காலையிலேயே நீக்கிவிட்டேன். முயினத்துக்கு ஒரு ஜோடி தேடச் சொல்லிச் செய்தியும் அனுப்பிவிட்டேன்.

மூன்றாவது முடிவு கையில் இல்லை. முயினத் ஒன்பதாம் கட்டிலில் இருக்கிறாள். பஷீரத் ஸ்பூனால் கஞ்சி ஊட்டுகிறாள். பாதி கடைவாயில் வழிகிறது. அபொசெடேவின் படிவம் என் மேசையில் கிடக்கிறது. நாற்பத்தொன்று காலி. ஓரத்தில் பென்சிலில் எழுதியிருக்கிறாள்: 'நீங்களே போடுங்க, ஓகா.'

இரண்டு முறை பேனாவை எடுத்தேன். முடியவில்லை. நாலு மணிக்குக் கணினி இந்த மாதத்தை மூடிவிடும்.

நடந்தது முழுவதும் இப்போது உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரிந்த அளவுக்கு. பஷீரத்துக்குத் தெரிந்ததைவிட அதிகம். ஆகவே நீங்கள் போடுங்கள்.

ஆம் ☐   இல்லை ☐

ஓரத்தில் எதுவும் எழுதிவைக்காதீர்கள். ஓரத்தில் எழுதுவதைக் கணினி படிப்பதில்லை.