மூன்று பிளேயர்கள்

பாலனை இனிமேல் தம்பி என்று கூப்பிட மாட்டேன். வாய் கூசுகிறது.

என் தங்கச்சி புனிதம் தவக்காலத்தில் சிலுவைப் பாடுகளைச் சொல்லும் பசாம் பாடினால், முல்லைத்தீவுக் கரையில் வலை பொத்துகிற ஆம்பிளைகளும் எழும்பி வந்து நின்று அழுவார்கள். அவள் பாடிய பதினொரு பாட்டையும், புதுக்குடியிருப்பில் நான் நடத்தும் கணினி வகுப்பில் பதிந்து தந்தவன் இதே பாலன்தான். என்னோடு படிப்பிக்கிறவன். சுனாமி வந்த மார்கழியில் கடல் அவளைக் கொண்டுபோனது. ஒரு படம்கூட மிஞ்சவில்லை. குரல் மட்டும் கணினியில் இருந்தது.

மாசியில் அந்தக் கணினியில் வைரஸ் ஏறியது.

"விண்டோஸை எடுத்துப்போட்டு லினக்ஸ் போடுவம் அக்கா. வைரஸ் கிட்டவும் வராது."

"புனிதத்தின்ரை பாட்டுப் போகாதோ?"

"ஒண்டும் போகாது. நான் பொறுப்பு."

போட்டான். பாட்டு வரவில்லை. அடுத்த கிழமை, பாட்டுப் போடுகிற பிளேயர் மென்பொருள் சரியில்லை என்று வேறொன்றை ஏற்றினான். பிறகு இன்னொன்று. பிறகும் ஒன்று. "எது வடிவு, சொல்லுங்கோ அக்கா" என்று என்னைக் கேட்டுக் கேட்டுத்தான் ஏற்றினான். நான் விசரி, நீலநிறம் வடிவு என்றேன்! கடைசியில், எம்பி3 பாடுவதற்கு ஒரு சீடி வேணும், வவுனியாவில்தான் எடுக்கலாம் என்றான்.

பெரிய வெள்ளியன்று கோவிலில் அவள் குரலைப் போடுவதாகச் சுவாமியாருக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். பாலனோ நாளைக்குப் போறன், நாளைக்குப் போறன் என்று இழுத்தான். பொறுக்க முடியாமல் நானே வெளிக்கிட்டேன். ஓமந்தைச் சோதனைச் சாவடியில் அரை நாள் வரிசையில் நின்றேன்.

வவுனியாவில் கணினிக் கடை வைத்திருக்கும் நிஸார், பாலன் சொன்ன சீடி என்றதும் எடுத்துத் தந்துவிட்டு, என் முகத்தைப் பார்த்தார்.

"அழிஞ்ச பாட்டை மீட்டாச்சோ அக்கா?"

"எந்தப் பாட்டு அழிஞ்சது?"

"லினக்ஸ் போட்ட அடுத்த நாளே பாலன் இஞ்சை வந்தவனெல்லோ. முழு டிஸ்க்கையும் அழிச்சுப்போட்டன் எண்டு அழுதான். அதிலை புதுசா ஒண்டும் ஏத்தாதை, ஏத்தினால் அழிஞ்சதுக்கு மேலை எழுதுப்பட்டுப் போயிடும், அப்பிடியே கொண்டுவா, அரைவாசியாவது எடுத்துத் தாறன் எண்டனான். பிறகு ஆளைக் காணேல்லை."

கடைக் கதிரையில் இருந்துவிட்டேன். அழித்தது கைப்பிழை. அதை மன்னித்திருப்பேன். ஆனால் நான் ஏசுவேன் என்று பயந்து, தெரிந்துகொண்டே அவள் குரலுக்கு மேல் மூன்று பிளேயர்களை ஏற்றினானே, பாவி! அதற்கு நிறமும் என்னைக் கொண்டே தெரிவுசெய்வித்தானே!

திரும்பி வந்தபோது பாலன் அந்தக் கணினிக்கு முன்னால்தான் இருந்தான்.

"சீடி கிடைச்சதோ அக்கா?"

நீட்டினேன்.

"நிஸார் தந்தவர். இந்தா, இதையும் ஏத்து."

அவன் கையை நீட்டவில்லை.