ஆயிரத்து எழுநூறு ரூபாய் நெகட்டிவ்

உடம்பில் நோய் இல்லை என்பதற்கு விலையே கிடையாது என்று பேசுவார்கள். இரண்டாயிரத்து இருபத்தொன்று செப்டம்பரில் அதற்கு விலை இருந்தது. மூவாயிரம் ரூபாய். ரங்கநாதன் தெரு வெள்ளைத்துரை அதைப் பேரம் பேசி ஆயிரத்து எழுநூறுக்கு முடித்தார்.

அன்று வியாழக்கிழமை. காலை பத்தரைக்கே தெருவில் ஆள் மேல் ஆள் இடிக்கத் தொடங்கியிருந்தது. நைட்டியும் சுடிதாரும் விற்கும் தன் கடையின் கல்லாவில், முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கி விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார் வெள்ளைத்துரை. போன் அடித்தது. முதல் நாள் மாலை வீட்டுக்கு வந்து, கொரோனா டெஸ்ட்டுக்கு மகள் அனுப்ரியாவின் மூக்கில் குச்சி விட்டு எடுத்துப் போன லேப் ஆள்.

"சார், பாசிட்டிவ் வந்திருக்கு. பாப்பாவ தனி ரூம்ல வைங்க. நீங்களும் வெளிய போகாம டெஸ்ட் எடுத்துக்குங்க."

பின்பாதி காதில் விழுந்தது, மனசில் ஏறவில்லை. சனிக்கிழமை அதிகாலை அனுப்ரியாவுக்கு இங்கிலாந்து விமானம். அங்கே ஒரு பல்கலைக்கழகத்தில் முதுகலைப் படிப்புக்கு இடம் கிடைத்து, முதல் தவணையாக ஏழு லட்சம் கட்டியாயிற்று. விமானம் ஏற, மூன்று நாளுக்குள் எடுத்த நெகட்டிவ் சான்று வேண்டும். முப்பதாம் தேதிக்குள் நேரில் போய்ப் பதிவு செய்யாவிட்டால் இடமே போய்விடும் என்று வெளிநாட்டுப் படிப்புக்கு ஆள் அனுப்பும் அடையாறு ஏஜென்ட் சுரேஷ்குமார் சொல்லியிருந்தான். வெள்ளைத்துரை அவனைத்தான் கூப்பிட்டார்.

"அண்ணாச்சி, இதுக்குப் போயா பதறுறீங்க? ஒரு மணி நேரத்துல நெகட்டிவ் அனுப்புறேன். மூவாயிரம்."

"தம்பி, நெசமான டெஸ்ட்டே ஆயிரத்து இருநூறுக்கு வீடு தேடி வந்து எடுக்கான். நீ குச்சி கூட விடப்போறதில்ல. ஒனக்கு என்ன செலவு? ஆயிரத்து ஐந்நூறு."

"ரிஸ்க் இருக்குல்ல அண்ணாச்சி?"

"ரிஸ்க் எனக்குல்லா? ப்ளேன்ல ஏறப்போறது எம்பிள்ள."

ஆயிரத்து எழுநூறில் படிந்தது. அவ்வளவு பதற்றத்திலும், ஆயிரத்து முந்நூறைக் குறைத்துவிட்டோம் என்று மனசின் ஒரு மூலை குளிர்ந்தது. முப்பது வருட வியாபாரப் பழக்கம் அப்படி.

அந்தப் பழக்கம்தான் இரண்டு மாதம் முன்பும் அவரை ஏஜென்டிடம் இழுத்துக்கொண்டு போனது. பல்கலைக்கழகம் அனுப்பிய பதினான்கு பக்க வழிகாட்டிக் குறிப்பை அனுப்ரியா அச்செடுத்துக் கையில் கொடுத்தாள்.

"அப்பா, வெளிநாட்டுப் பிள்ளைங்களுக்கு ஏர்போர்ட்லேந்து பஸ், தனியா இருக்க ரூம், பத்து நாள் சாப்பாடு எல்லாமே இலவசம். லேட்டா வர்றவங்களுக்குக் கூட வழி எழுதியிருக்காங்க. ஏஜென்டே வேணாம்."

"ஏட்டி, இலவசம்னு போர்டு வச்சே பொழைக்கிறவன் நானு. மூணு நைட்டி எடுத்தா ஒண்ணு இலவசம்னா, அந்த ஒண்ணோட வெல மத்த மூணுலயும் ஏறியிருக்கும். வெள்ளைக்காரனுக்கு அது தெரியாதாக்கும்? எங்கயாவது பொடி எழுத்துல வச்சிருப்பான்."

"பதினாலு பக்கமும் படிச்சிட்டேன்ப்பா. அப்படி எதுவுமே இல்ல."

"ஒன் கண்ணுக்கே படாம வச்சிருக்கான்னா, எம்மாம் பெரிய கெட்டிக்காரன் பாரு!"

அந்தத் தாள்களை அவர் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. சுரேஷ்குமாரிடம் அறைக்கும் காருக்குமாக ஒரு லட்சத்து நாற்பதாயிரம் கட்டினார். காசு கொடுத்தால்தான் நாளைக்குச் சட்டையைப் பிடிக்க ஓர் ஆள் இருப்பான் என்பது அவர் நம்பிக்கை.

மதியம் ஒரு மணிக்கு நெகட்டிவ் சான்று போனில் வந்து விழுந்தது. பாண்டி பஜாருக்குப் பின்னால் இருந்த வீட்டுக்கு விரைந்தார். மனைவி பேச்சியம்மாள் மகளின் அறை வாசலில் சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டு நிமிர்ந்துகொண்டிருந்தாள். கதவு சாத்தியிருந்தது.

"அனு, ரிசல்ட்ட மாத்தியாச்சு. பெட்டியக் கட்டு."

"மாத்தியாச்சா?" கதவுக்குப் பின்னாலிருந்து இருமலோடு குரல் வந்தது. "எனக்கு நேத்துலேந்து காப்பி வாசனையே தெரியலப்பா. பத்துப் பதினோரு மணி நேரம் என் பக்கத்து சீட்ல யாராவது உக்காந்து வருவாங்கல்ல?"

"எவனோ உக்காருவான். அவன் என்ன நமக்குச் சம்பந்தியா?"

"அம்மா, கேட்டியா இவர் பேசுறத?"

"கேட்டுட்டுதான் நிக்கேன்," என்றாள் பேச்சியம்மாள். "உங்கப்பாவுக்கு வாய் மூடினாத்தான காது தெறக்கும்."

"நான் போகலப்பா. எனக்குப் பாசிட்டிவ்னு யூனிவர்சிட்டிக்கு மெயில் போட்டுட்டேன்."

வெள்ளைத்துரைக்கு உச்சந்தலை கொதித்தது. "யாரக் கேட்டு எழுதின? கட வாசல்ல நின்னுகிட்டு, 'எங்க துணி சாயம் போவும்'னு எவனாவது கத்துவானாட்டி? ஏழு லட்சம் போச்சு. சீட்டும் போச்சு!"

"சாயம் போகும்னு தெரிஞ்சே வித்தா, வாங்கினவங்க கதி என்னப்பா?"

வெள்ளைத்துரை செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினார். அந்த மெயிலை எப்படியாவது சுரேஷ்குமாரை வைத்துச் சரிக்கட்டிவிட வேண்டும் என்று, எதிரில் வந்த ஆட்டோவை நிறுத்தி ஏறினார்.

அடையாறில் ஒரு பேக்கரிக்கு மேல் மாடியில் சுரேஷ்குமாரின் அலுவலகம். ஜன்னல் இல்லாத குளிர்சாதன அறை. அங்கே ஏற்கெனவே ஒருவர் மேஜையைத் தட்டிக்கொண்டிருந்தார். மயிலாப்பூர் வேதாந்தம், வங்கி அதிகாரி. பணம் கட்ட வந்த நாள்களில் இரண்டு தடவை பார்த்த முகம். அவர் மகன் ஹரி பத்து நாள் முன்பு, அனுப்ரியா சேர வேண்டிய அதே பல்கலைக்கழகத்துக்குப் போயிருந்தான்.

"வாங்கோ சார், நீங்களும் கேளுங்கோ," என்றார் வேதாந்தம். "இவன் சொன்ன கார் வரவே இல்லை. ஹோட்டல்ல ஹரிங்கற பேர்ல ரூமே போடலையாம். கடைசில அந்த யூனிவர்சிட்டிக்காரா பஸ்ல ஏத்திண்டு போய், ரூம் குடுத்து, வேளாவேளைக்கு வாசல்ல சாப்பாடு வச்சுண்டிருக்கா. சல்லிக்காசு வாங்கலை."

"இலவசமாவா?" வெள்ளைத்துரையின் குரல் இறங்கியது.

"இலவசமாத்தான். அதோட போச்சா? ரெண்டாம் நாள் டெஸ்ட்ல ஹரிக்குப் பாசிட்டிவ். பக்கத்து சீட்ல வந்த பையனும் அங்கேயே படிக்க வந்தவன். அவனுக்கும் இப்போ ஜுரம். 'நீ கொண்டுவந்த சர்டிபிகேட் எந்த லேப்'னு கேட்டு லெட்டர் போட்டிருக்கா. நான் என்னத்த பதில் எழுதறது?"

"ப்ளேன்ல ஒட்டியிருக்கும் சார்," என்றான் சுரேஷ்குமார், கணினியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"ப்ளேனுக்குக் கொண்டுபோனதே அவன்தான்டா! லேசா ஜலதோஷம்தானேன்னு ஒங்கிட்ட சர்டிபிகேட் வாங்கிக் குடுத்தேனே, என்னைச் சொல்லணும். போலீசுக்குப் போனா மொதல்ல என்னை உக்கார வைப்பா." வேதாந்தம் தன் போனைத் திருப்பிக் காட்டினார். "பாருங்கோ சார், எவ்வளவு அழகா அடிச்சிருக்கான்!"

வெள்ளைத்துரையின் கண் பெயரைப் பார்க்கவில்லை, முத்திரையைப் பார்க்கவில்லை. எந்தத் தாளைக் கண்டாலும் முதலில் பார்க்கும் இடத்துக்கு, பில் எண் இருக்கும் வலப்பக்க மேல் மூலைக்குப் போனது. அங்கே ஒரு நீள எண். தன் போனை எடுத்து மகளின் சான்றைத் திறந்தார். பெயர் வேறு, வயது வேறு, தேதி வேறு. மூலையில் இருந்த எண் மட்டும் இலக்கம் மாறாமல் அதே எண்.

"தம்பி, ஒரே நம்பர்ல ரெண்டு பில்லு போட்டிருக்கியே?"

சுரேஷ்குமார் எட்டிப் பார்த்தான். கொஞ்சமும் கூசாமல் சொன்னான்: "நீங்கதான அண்ணாச்சி வெலயக் கொறச்சீங்க? மூவாயிரம்னா தனி நம்பர். நீங்க குடுத்த ரேட்டுக்குப் பழைய நம்பர்தான் வரும். அதெல்லாம் எவன் பாக்கப் போறான்?"

"நான் பாத்தேனே! எம்பிள்ள இதக் கொண்டுபோய் நீட்டியிருந்தா, அங்க எவனுக்காவது கண்ணு இருந்திருக்காதா? எடு என் ஒரு லட்சத்து நாப்பதாயிரத்த!"

"ரீஃபண்ட் கிடையாது அண்ணாச்சி. பாரத்துக்குப் பின்னாடி போட்டிருக்கு, பாருங்க."

போட்டிருந்தது. கடைசி வரியில், பொடி எழுத்தில்.

பிடிக்கச் சட்டை எதிரிலேயே இருந்தது. ஆனால் கையை நீட்ட வெள்ளைத்துரையால் முடியவில்லை. பொய்யை விற்றவன் மேல், அதைப் பேரம் பேசி வாங்கினவன் எந்த வாயோடு புகார் கொடுப்பான்?

"விடுங்கோ சார்," என்று வேதாந்தம் அவர் தோளைத் தொட்டார். "ஒங்க பொண்ணு இன்னும் கெளம்பலையே, அதுவே பெரிசு. அவளுக்கு நெஜ டெஸ்ட்ல ஒண்ணும் இல்லையே?"

வெள்ளைத்துரை தலையைக் குனிந்தார். "பாசிட்டிவ். காலைலதான் சொன்னாங்க."

வேதாந்தத்தின் கை சூடு பட்டது போலப் பின்வாங்கியது. இரண்டடி தள்ளிப்போய் நாற்காலியில் இடித்துக்கொண்டார். "என்ன சார் இது? என் ஆம்படையாளுக்கு வாரத்துல மூணு நாள் டயாலிசிஸ் நடந்துண்டிருக்கு. இந்த ரூமுக்குள்ள இவ்வளவு நாழி நிக்கறேள்... உள்ள வரச்சேயே சொல்லப்படாதா?" சுவரை ஒட்டியே நகர்ந்து, வாசலைத் தாண்டிப் படியிறங்கிப் போய்விட்டார்.

கெட்ட வார்த்தையில் திட்டியிருந்தால்கூட வெள்ளைத்துரை தாங்கியிருப்பார்.

கீழே வந்து வேறொரு ஆட்டோவில் ஏறினார். முகக்கவசத்தை மூக்குக்கு மேல் இழுத்து விட்டுக்கொண்டது அன்று அதுதான் முதல் தடவை. கோட்டூர்புரம் பாலத்தில் நெரிசல். ஓட்டுநர் கண்ணாடியில் அவரைப் பார்த்தார்.

"இன்னா நைனா, மூஞ்சி செத்துப்போய்க் கீது? காலேஜ் சீட்டு ஆபீசா? அந்தப் படில எறங்கி வர்ற அப்பன்லாம் இப்படித்தான் வர்றானுங்கோ."

"ம்."

"எனுக்கும் ஒரு பொண்ணு கீது, ஏழு மாசம் முழுகாம. அது வூட்டுக்குத்தான் சாய்ந்திரம் போய்க்கினு கீறேன். மாங்கா கேட்டுச்சு."

சொல்லிவிட வேண்டும் என்று வெள்ளைத்துரைக்கு நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் நடுப்பாலத்தில் இறக்கி விடுவானே என்று விழுங்கிக்கொண்டார். வீட்டு வாசலில் பேரம் பேசாமல் இருநூறு ரூபாய்த் தாளை நீட்டிவிட்டு, விறுவிறுவென்று உள்ளே போனார். ஆட்டோ திரும்பிப் போகும் சத்தம் கேட்ட பிறகுதான், ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று நெஞ்சில் குத்தியது.

"பதில் வந்திருக்குப்பா," என்றாள் அனுப்ரியா கதவுக்குப் பின்னாலிருந்து. "உங்க போனுக்கு அனுப்பியிருக்கேன். நீங்களே படிங்க."

கூடத்துத் தரையில் உட்கார்ந்து எழுத்துக்கூட்டிப் படித்தார். உண்மையைச் சொன்னதற்கு நன்றி. குணமாகும் வரை பயணம் செய்ய வேண்டாம். உங்கள் இடம் உங்களுக்கே. திங்கள் முதல் இணைய வழியில் வகுப்பு. அக்டோபர் இருபத்தைந்துக்குள் வந்து சேர்ந்தால் போதும். வந்ததும் தங்க அறையும் உணவும் கட்டணம் இல்லாமல். வெள்ளைத்துரை பொடி எழுத்தைத் தேடிக் கடைசிவரை போனார். கடைசியில் எந்த நேரமும் கூப்பிட ஒரு மருத்துவ உதவி எண் மட்டும் இருந்தது.

"இதத்தான் ரெண்டு மாசமா கத்துனா," என்றாள் பேச்சியம்மாள்.

அவர் போனைத் தரையில் வைத்தார். பிறகு சாத்திய கதவைப் பார்த்துச் சொன்னார்: "அனு, தப்பு எம்மேலதான். நமக்குன்னு எழுதி அனுப்பினத நாம படிக்கலேன்னா, அத நமக்கே விக்க ஒருத்தன் வந்துருவான். நோவ மறைச்சாலோ, அதுக்கு வெலய நாம குடுக்க மாட்டோம். பக்கத்துல நிக்கவன் தலைல கட்டிருவோம். இத எவனும் எனக்குச் சொல்லிக் குடுக்கல, இன்னைக்கு ஒருத்தர் என்னப் பாத்து ரெண்டடி தள்ளி நின்னாரு பாரு, அப்பத்தான் ஒறச்சுது."

சொல்லிவிட்டு ஒரு தாளை எடுத்தார். காலையிலிருந்து யார் யார் பக்கத்தில் நின்றோம் என்று எழுதத் தொடங்கினார். கடை ஆள்கள் ஒன்பது பேர். கடையை மூடிவிட்டு டெஸ்ட் எடுக்கச் சொன்னார். காலையில் வந்த வாடிக்கையாளர் பதினொரு பேர், எல்லோரும் பில்லுக்குப் போன் நம்பர் கொடுத்திருந்தார்கள். நாலு பேர் திட்டினார்கள், வாங்கிக்கொண்டார். பக்கத்துக் கடை மெஹபூப் அலி. வேதாந்தத்தின் நம்பரைச் சுரேஷ்குமாரிடம் வாங்கினார்; அவர் போனை எடுக்காததால் வெள்ளைத்துரை மன்னிப்போடு செய்தி அனுப்பினார், அவர் படித்துவிட்டார் என்று காட்டியது. சுரேஷ்குமாரிடமும், "தம்பி, நெசமான டெஸ்ட் எடு, ஒனக்கு நீயே நெகட்டிவ் அடிச்சுக்காத" என்றார். போகும்போது ஏறிய ஆட்டோக்காரருக்குப் போன் வழியாகப் பணம் அனுப்பியிருந்ததால் அந்த நம்பரும் இருந்தது.

திரும்பி வந்த ஆட்டோவுக்கு ரொக்கம். நம்பர் இல்லை, பெயர் தெரியாது, வண்டி எண்ணைப் பார்க்கவில்லை.

மொத்தம் இருபத்தைந்து பேர். சொல்லியாயிற்று இருபத்து நாலு பேருக்கு. பாக்கி ஒருவர்.