மஞ்சள் வீட்டு வாசலில் பூட்ஸுகள்

பனிக்காலப் புயலில் என் கணவர் ஆஸ்முண்டின் மீன்படகு கவிழ்ந்தது. கர்த்தர் கிருபையால் உயிரோடு கரை சேர்ந்தார். அதற்குப் பிறகு அவரால் படகில் கால் வைக்க முடியவில்லை. படகுத்துறைப் பலகையை மிதித்தாலே மூச்சு முட்டும். பெந்தெகொஸ்தே ஞாயிறன்று எங்கள் மகள் ஈடுனுக்கு எதிர்த்தீவு தேவாலயத்தில் திடப்படுத்தல் ஆராதனை; தன் விசுவாசத்தை அவளே சபைமுன் உறுதிசெய்யும் நாள். படகில்தான் போக வேண்டும்.

“அப்பா வரலன்னா நானும் போகல,” என்றாள் அவள்.

மருத்துவ நிலையத்து நர்ஸிடம் விசாரித்தேன். “நம்ம ஊர்லயே சுன்னிவான்னு ஒரு சைக்காலஜிஸ்ட் இருக்காங்களே. நூலகத்துக்குப் பின்னால மஞ்ச வீடு. டாக்டர் சீட்டுகூட வேணாம், போன் பண்ணுங்க.”

வீட்டில் சொன்னதும் ஆஸ்முண்ட் முறைத்தார். “எனக்கென்ன பைத்தியமா? மாத்திரை குடுத்துத் தூங்க வைப்பாங்க.”

“மாத்திரை எழுதுறவங்க வேற. இவங்ககிட்ட பேசலாம், அவ்வளவுதான்.”

“பேசுறதுக்குத்தான் வீட்ல நீ இருக்கியே, நிறுத்தாம!”

“நான் பேசுவேன். கேக்குறதுக்கு அவங்க.”

அன்று சிரித்துவிட்டார். ஆனால் மஞ்சள் வீட்டு வாசல் வரை போய்த் திரும்பி வந்தார். எங்கள் ஊரில் பூட்ஸை வாசலில் கழற்றாமல் யாரும் உள்ளே போகமாட்டார்கள். எந்த வீட்டுக்குள் யார் இருக்கிறார் என்பதைப் பூட்ஸே சொல்லிவிடும். இவருடைய வலது பூட்ஸில் சிவப்பு ரப்பர் ஒட்டு வேறு.

“காப்பி ஆறுறதுக்குள்ள தீவு முழுக்கத் தெரிஞ்சிடும். ‘மண்டையக் கழுவிட்டு வந்தியா?’ம்பானுங்க.”

சுன்னிவாவிடம் போனில் இதைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. “சொன்னது நல்லதாப் போச்சு. நாளைக்கு வரச் சொல்லுங்க,” என்றார்.

மறுநாள் அந்த வாசலில் பெரிதும் சிறிதுமாக, கிழிந்ததும் புதியதுமாகப் பூட்ஸுகள் குவிந்து கிடந்தனவாம். கூட்டமோ என்று தயங்கி உள்ளே போனால் சுன்னிவா மட்டும்.

“மத்தவங்க எங்க?”

“எல்லாம் எங்க வீட்டுப் பழசு. நடுவுல உங்களதும் கிடக்கட்டும்.”

வீட்டுக்கு வந்து வியந்து வியந்து சொன்னார். “புத்திமதியே சொல்லல. பயம் உடம்புல எங்க ஆரம்பிக்குது, நெஞ்சுலயா முழங்கால்லயான்னு கேட்டாங்க. இத யாருமே கேட்டதில்ல.”

நான் சுன்னிவாவிடம் துருவிப் பார்த்தேன். “அவர் சொன்னா உங்களுக்குத் தெரியும். நான் சொல்ல மாட்டேன்,” என்றார்.

பிறகு ஆஸ்முண்டும் சுன்னிவாவும் படகுத்துறைக்கே வந்தார்கள். முதலில் பலகையில் நின்றார்கள். இன்னொரு நாள் கட்டிப்போட்ட படகில் உட்கார்ந்தார்கள். சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்தேன். மலைபோன்ற மனிதர் நடுங்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் சின்ன உருவமான சுன்னிவா, நடுக்கம் அடங்கும்வரை எங்கும் போகாமல் இருந்தார். புயலை அதட்டி அமர்த்திய கர்த்தரைப் பற்றி வேதத்தில் வாசித்திருக்கிறேன். அந்தக் கருணையின் நிழல் எங்கள் துறையில் விழுந்ததுபோல் இருந்தது. ஜன்னலோரத்திலேயே ஜெபித்தேன்.

பெந்தெகொஸ்தே காலை. ஆஸ்முண்ட் படகில் கால் வைத்தார். நெஞ்சைத் தட்டிக்கொண்டார். “வந்துட்டியா? சரி, ஒரு ஓரமா உக்காரு,” என்றார்.

“யாரப்பா?” என்றாள் ஈடுன்.

“பழைய ஆளு. போகப் போக இறங்கிடுவான்.”

பாதிக் கடலில் அவரே சுக்கானைப் பிடித்தார்.

அந்த வாரம் ஒருநாள் வெறும் கம்பளிக் காலுறையோடு, கடைத்தெரு வழியே, எல்லாரும் பார்க்க நடந்து வந்தார்.

“பூட்ஸ் எங்கே?”

“சுன்னிவா வாசல்லயே விட்டுட்டேன். சிவப்பு ஒட்டு மேல தெரியுற மாதிரி. அடுத்து தயங்கி நிக்கிறவன் பாக்கட்டும், ஆஸ்முண்டே வந்திருக்கான்னு.”