கண்ணாடிக்குள் இன்னொரு குதிரை

நாற்பத்தாறு வயதில் ஒரு பெண்மணி மட்டக்குதிரை மேல் ஏறித் தடை தாண்டும் போட்டிக்குப் பெயர் கொடுத்தால் நாலு பேர் சிரிக்கத்தான் செய்வார்கள். அவளுக்கு அதைப் பற்றிக் கவலை இல்லை. ஆள் குள்ளம், உடம்பும் பூஞ்சை. குதிரை மகனுடையது. அதன்மேல் ஏறினால் கால் தரையைத் தொடும் அளவுக்கு அவன் வளர்ந்து, படித்து, வேலை கிடைத்து வேறு நகரத்துக்குப் போனபோது அலமாரி நிறையப் பழைய சட்டைகளையும் வாண்டு என்று பெயர் வைத்த இந்தக் குதிரையையும் விட்டுவிட்டுப் போனான். சட்டைகளை யாருக்கோ கொடுத்துவிட்டாள். குதிரையைக் கொடுக்க மனசு வரவில்லை. தானே ஏறிவிட்டாள்.

கணவர் என்றோ வேறு வீடு பார்த்துக்கொண்டு போனவர், அவர் கதை நமக்கு வேண்டாம். அவளுக்கு வேலை செயற்கைப் பல் செய்யும் இடத்தில். பல் மருத்துவர்கள் அனுப்பும் அச்சில் பிளாஸ்டர் மாவைக் குழைத்து ஊற்றித் தாடை வார்ப்பாள். மெழுகில் ஈறு வைத்து அதில் பல்லை அடுக்குவாள். நாள் முழுக்க மேசையைச் சுற்றி வாய்கள்தான். அத்தனை வாய் இருந்தும் பேச ஒன்றுமில்லை.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் மகனுக்குப் போன் போடுவாள். "சாப்பிட்டியா?" என்பதுதான் முதல் கேள்வி. "ஆச்சும்மா" என்பான். அதற்கப்புறம் இரண்டு பேருக்கும் விஷயம் தீர்ந்துவிடும். "வேலை இருக்கும்மா, வைக்கட்டுமா?" என்பான். அவளும் "வைப்பா" என்பாள். அவன் வீட்டுக்கு வந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று.

போட்டி என்று சொன்ன அன்றுதான் குரல் மாறியது. "நீயா? வாண்டு மேலயா? நிஜமாவா?" சிரிக்கிறான். எத்தனை நாளாயிற்று அந்தச் சிரிப்பைக் கேட்டு. "நான் வந்து பாக்கறேன்மா. ரெண்டு நாள் லீவு போட்டுடறேன்."

அன்றைக்கே அவன் அறையைப் பெருக்கித் துடைத்துப் படுக்கை விரிப்பை மாற்றிவிட்டாள். போட்டிக்கு இன்னும் ஒரு மாதம் இருந்தது.

வாண்டு அதற்கப்புறம்தான் படுத்த ஆரம்பித்தான். சேணத்தைக் கண்டால் கடிக்க வந்தான். மைதானத்துக்குள் வரமாட்டேன் என்று நாலு காலையும் ஊன்றிக்கொண்டான். தொழில் புத்தி எங்கே போகும்? அவளுக்கு முதல் சந்தேகம் பல் மேல். மூன்று நாள் அவன் வாய்க்குள்ளேயே டார்ச் அடித்துக்கொண்டிருந்தாள். கடைசியில் கால்நடை டாக்டர் வந்து பார்த்துவிட்டு, "என் பல்லே இவ்வளவு நல்லா இல்ல" என்று சொல்லிவிட்டுப் போனார்.

லாயத்துக்காரர்தான் விஷயத்தைச் சொன்னார். "அடம் இல்லம்மா இது. பக்கத்துக் கொட்டடியில இருந்த வெள்ளைக் கிழவனை, அந்த வயசான குதிரையை, அதோட சொந்தக்காரங்க கூட்டிட்டுப் போயிட்டாங்கல்ல, அதுலேர்ந்துதான். ரெண்டும் பலகை இடுக்குல மூக்கை உரசிக்கிட்டே தின்னும். நீங்க பல்லைப் பாத்தீங்க, பக்கத்துல பாக்கல. ஒரு கண்ணாடி கொண்டாங்க. தனியா நிக்கிற குதிரைக்கு நாங்க மாட்டி விடறதுதான். உடையாதபடி நான் சட்டம் அடிச்சுத் தரேன்."

வீட்டில் பெரிய கண்ணாடி ஒன்றே ஒன்று. மகன் அறையில், அவன் தலை சீவிய கண்ணாடி. ஆணியோடு கழற்றிக்கொண்டு வந்தாள்.

நன்றாகவே வேலை செய்தது. வாண்டு கண்ணாடிக்குள் இருந்தவனை மோந்து பார்த்தான், காதை ஆட்டினான், அவனோடு சேர்ந்து புல் தின்ன ஆரம்பித்தான். அவளுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. ஆனால் அவள் செய்த தப்பு, அத்தோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தது. கொட்டடியில் கிடைத்த நண்பனை விட்டு இப்போது ஒரு நிமிஷம் வெளியே வர அவனுக்கு மனசில்லை. பயிற்சியின்போது மூன்றாவது தடையைத் தாண்டி லாயத்தின் பக்கம் திரும்பியதும் ஒரு உதறு உதறினான். அவள் மண்ணில் விழுந்தாள். நொண்டிக்கொண்டு போய்ப் பார்த்தபோது அவன் கண்ணாடிமேல் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றான்.

மணிக்கட்டு வீங்கிவிட்டது. பயிற்சி கொடுக்கும் அம்மாள் ஐஸ் வைத்துவிட்டு ஒரு கடிவாள இரும்பைக் கையில் கொடுத்தாள். மெல்லியது, முறுக்கி அடித்தது, குதிரையின் வாய்க்குள் ஈறின்மேல் உட்காருவது. "இதைப் போட்டா வாலைக்கூட ஆட்ட மாட்டான். போட்டியா இல்லையான்னு நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள சொல்லிடுங்க. உங்க இடத்துக்கு ஆள் காத்துக்கிட்டு இருக்கு."

மறுநாள் அந்த இரும்பு வேலை மேசையில் தாடைகளுக்கு நடுவே கிடந்தது. மனசு அசிங்கமாகத்தான் கணக்குப் போட்டது. ஒரு நாள்தானே. அவனுக்கு ஒரு நாள் வலி, எனக்கு இரண்டு நாள் மகன். போட்டி முடிந்ததும் கழற்றிவிடலாம், கேரட் கொடுக்கலாம், தடவிக் கொடுக்கலாம். இப்படியே மத்தியானம் வரைக்கும் ஓடியது. அப்புறம் என்ன தோன்றியதோ, பாதி முடிந்த ஒரு கீழ்த்தாடையை எடுத்து, மெழுகு ஈறின்மேல் இரும்பை வைத்து, வீங்காத கையால் குதிரையை நிறுத்துகிற அளவுக்கு மட்டும் இழுத்தாள். மெழுகை அறுத்துக்கொண்டு இறங்கியது.

ஈறை மறுபடி முதலிலிருந்து வைக்க வேண்டியிருந்தது. அதை முடித்துவிட்டுப் போட்டிக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டாள்.

மகனிடம் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. "சாப்பிட்டியா?" என்று ஆரம்பித்து, சுற்றி வளைத்துச் சொன்னாள். விழுந்ததைச் சொல்லவில்லை. கண்ணாடியையும் சொல்லவில்லை. வாண்டு கொஞ்சம் படுத்துகிறான் என்றாள்.

"அய்யோ, அப்படியா? பரவாயில்லம்மா" என்றான். "அப்ப லீவை மாத்தி வச்சுக்கறேன். அவன் சரியானதும் சொல்லு, கண்டிப்பா வரேன்."

"சரிப்பா" என்றாள்.

போட்டி நடந்த அன்று லாயத்தில் ஈ காக்கை இல்லை. எல்லாக் குதிரையும் மைதானத்தில். வாண்டு மட்டும் கண்ணாடியோடு. அவள் வெகுநேரம் கதவில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் ஒரு வாய்ப் புல்லைக் கண்ணாடிக்கு முன்னால் போட்டுவிட்டு, மற்றவன் தின்னட்டும் என்று காத்துக்கொண்டு நின்றான்.

அதைப் பார்த்த பிறகு அவளால் தாங்க முடியவில்லை. லாயத்துக்காரரைத் தேடிப் போய், "அண்ணே, வெள்ளைக் கிழவன் எங்க இருக்கான்?" என்று கேட்டாள்.

கிழவன் தொலைவில் ஒரு மேய்ச்சல் நிலத்தில் இருந்தான். வாண்டுவையும் அங்கேயே கிழவனோடு விட்டுவைக்க அவன் சொந்தக்காரர்கள் சந்தோஷமாகவே ஒத்துக்கொண்டார்கள். அடுத்த வாரம் வண்டியில் ஏற்றும்போது வாண்டு நாலு காலையும் ஊன்றிப் பார்த்தான். இறங்கின இடத்தில் கிழவனின் கனைப்பைக் கேட்டதும் கயிற்றைப் பிடுங்கிக்கொண்டு ஓடினான். அவளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவளுக்கு அழுகை வந்தது, நிம்மதியாகவும் இருந்தது.

கண்ணாடி மட்டும் அவளோடு வீட்டுக்கு வந்தது. ஆணி அடிக்க மணிக்கட்டு இடம் கொடுக்கவில்லை. சாப்பாட்டு மேசையில் எதிர் நாற்காலியின்மேல் சாய்த்து வைத்துவிட்டுத் தட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். எதிரே ஒருத்தி தட்டோடு உட்கார்ந்திருந்தாள். வாண்டு ஏமாந்த மாதிரி ஏமாற அவளுக்குத் தெரியவில்லை. எழுந்து கண்ணாடியைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துவிட்டுப் போனை எடுத்தாள்.

"என்னம்மா, வாண்டு சரியாயிட்டானா?" என்றான் மகன்.

"அவன் சரியாயிட்டான். கிழவன்கிட்ட விட்டுட்டு வந்துட்டேன். இனிமே போட்டியெல்லாம் கிடையாது." இந்த வயதில் பிள்ளையிடம் இதைச் சொல்ல வெட்கமாக இருந்தது. "எனக்குத்தான்டா சரியாகல. தனியா இருக்க முடியல. பாக்கறதுக்கு இங்க ஒண்ணும் இல்ல. சும்மா வா."

வைத்துவிட்டானோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள். வைக்கவில்லை.

"அம்மா" என்றான் கடைசியில். "நீ சாப்பிட்டியா?"

அவள் தட்டைப் பார்த்தாள். போட்டது போட்டபடி இருந்தது.

"இல்லப்பா" என்றாள்.