மதனவதி பேரில் இருந்த ஷேர்

காஞ்சிபுரத்தில் கொஞ்சம் பணம் சேர்த்து வைத்தவர்கள் அதை ஷேரில் போடலாமா, தபால் ஆபீசில் போடலாமா என்று குழம்பினால் சந்திரநாத நயினாரைத் தேடித்தான் வருவார்கள். காந்தி ரோட்டில் ஒரு பட்டுக்கடையில் அவர் கணக்குப்பிள்ளை. முதலாளி மெட்ராஸ் புரோக்கர் மூலம் ஷேர் வாங்கி விற்கிறவர். அந்தக் கணக்கையும் எழுதி எழுதி நயினாருக்கு அந்த விவகாரம் பழகிப்போயிருந்தது.

ரிடயரான வாத்தியார் கோதண்டபாணி தன் மில் ஷேர் இறங்கிக்கொண்டே போகிறதே, இன்னும் கொஞ்சம் பொறுத்தால் ஏறுமா என்று கேட்பார். ஏறும் என்று யாரும் எழுதித் தர முடியாது, அடுத்த வருஷம் சாப்பிட வேண்டிய பணத்தை ஷேரில் விட்டு வைக்காதீர்கள் என்பார் நயினார். ஆஸ்பத்திரி நர்ஸ் அம்சவேணி, புருஷனை இழந்தவள், தன் பேரில் மட்டும் வாங்கலாமா என்று கேட்டாள். இரண்டு பேராகப் போட்டு வாங்கம்மா, ஒருத்தர் போய்விட்டால் இன்னொருத்தர் ஆபீஸ் ஆபீசாக அலைய வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார்.

இத்தனையும் சொன்னவர் தன் வீட்டு ஷேரை மட்டும் ஒரே பேரில் வாங்கியிருந்தார். மகள் மதனவதிக்குக் கல்யாணம் நிச்சயமானபோது வாங்கியது அது. நகையென்றால் புகுந்த வீட்டில் அவசரத்துக்கு அடகுக்குப் போகும். இது அவளுக்கே அவளுக்கென்று இருக்கட்டும் என்று நினைத்தார். அதனால் தன் பேரையும் சேர்க்கவில்லை, மாப்பிள்ளை பேரையும் சேர்க்கவில்லை. பம்பு செட் செய்கிற மெட்ராஸ் கம்பெனி ஒன்றின் ஷேர். மதனவதி பேனாவை அழுத்திப் பிடித்து, நாக்கைக் கடித்துக்கொண்டு கையெழுத்துப் போட்டாள்.

கல்யாணமாகித் தென்னேரிக்குப் போன மறு வருஷமே அவள் செத்துப்போனாள். ஆறு மாசக் கர்ப்பம். ஐப்பசி மழையில் ஏரி நிரம்பி ரோட்டின் மேல் தண்ணீர் போய்க்கொண்டிருந்த சமயம். காஞ்சிபுரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து சேர்த்தபோது பொழுது சாய்ந்திருந்தது. டாக்டர் கையை விரித்துவிட்டார். பெண்ணை வீட்டிலேயே போட்டுவைத்துச் சாகடித்துவிட்டுப் பிணமாகக் கொண்டுவந்தான் என்று நயினாரின் மனைவி தயாவதி ஆஸ்பத்திரி வாசலில் அத்தனை பேர் முன்னாலும் மாப்பிள்ளையைப் பார்த்துச் சொன்னாள். மாப்பிள்ளை சந்திரப்பிரபு வாயைத் திறக்கவில்லை. பதினாறாம் நாளோடு இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றது. அவன் பிறகு வேறு கல்யாணம் செய்துகொண்டதாகக் கேள்விப்பட்டார்கள்.

மகள் இறந்ததைக் கம்பெனிக்கு நயினார் எழுதவில்லை. அதனால் லாபப் பங்கான டிவிடெண்டு செக் அவள் பேருக்கே வந்துகொண்டிருந்தது. போனஸ் ஷேரும் வந்தது. தபால்காரர் 'மதனவதி' என்று கூப்பிட்டுக் கவரை நீட்டும்போதெல்லாம் தயாவதி கையைத் துடைத்துக்கொண்டு போய் வாங்குவாள். அவள் இல்லாமல் அந்தச் செக்குகளை மாற்ற வழியில்லை. மகளின் புடவைகள் இருந்த பெட்டியில் அவையும் சேர்ந்தன.

எழுதாமல் இருந்ததற்குத் துக்கம் மட்டும் காரணமில்லை. அது நயினாருக்கே தெரியும். பிள்ளை இல்லாமல் இறந்த கல்யாணமான பெண்ணின் சொத்து யாருக்குப் போகும் என்று எத்தனையோ பேருக்கு அவரே சொல்லியிருக்கிறார். புருஷனுக்குத்தான். கம்பெனிக்கு எழுதினால் அந்த ஷேர் தென்னேரிக்குப் போய்விடும். அதை அவரால் சகித்துக்கொள்ள முடியவில்லை.

எழுபத்து நாலாம் வருஷத் தொடக்கத்தில் அவர் கண்ணில் புரை முற்றிவிட்டது. பேரேட்டில் வரி மாறி எழுத ஆரம்பித்தார். முதலாளியின் மகன் ஒரு நாள் அவரை உட்காரவைத்து, காபி வாங்கிக் கொடுத்து, இனிமேல் வீட்டில் ஓய்வாக இருங்கள் என்று மரியாதையாகவே சொன்னான். பட்டுக்கடைக் கணக்குப்பிள்ளைக்கு ஏது பென்ஷன். தபால் ஆபீசில் போட்டு வைத்திருந்த பணம், அந்த வருஷம் அரிசி விற்ற விலைக்கு, எண்ணியிருந்த காலத்தில் பாதிகூடத் தாங்காது என்று தெரிந்துபோயிற்று. கேட்க வந்தவர்களுக்கெல்லாம் கணக்குப் போட்டுக் கொடுத்தவர் தன் கிழட்டு நாளின் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு நோட்டை மூடி வைத்தார்.

தயாவதிதான் முதலில் சொன்னாள். "அவ பேர்ல இருக்கறத வித்துடலாங்க. பெட்டியில வெச்சிக்கினு இன்னா பண்ணப் போறோம்."

யாரிடம் கையெழுத்து வாங்க வேண்டும் என்று அவர் அவளிடம் சொன்னார். அவள் முகம் இறுகிற்று. போய்ட்டு வாங்க என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போனாள்.

சித்திரை வெயிலில் வாலாஜாபாத் பஸ்ஸில் போய் இறங்கி, அங்கிருந்து ஒரு வண்டி பிடித்துத் தென்னேரி போனார். சந்திரப்பிரபு களத்தில் இருந்தான். மாமனாரைக் கண்டதும் துண்டைத் தோளிலிருந்து எடுத்துக்கொண்டு ஓடிவந்தான். வீட்டுக்கு அழைத்துப் போய் நாற்காலி போட்டான். இரண்டாவது மனைவி சாந்திமதி சொம்பில் மோர் கொண்டுவந்து வைத்துவிட்டு, நின்று பேசலாமா கூடாதா என்று தெரியாதவளாக உள்ளே போய்விட்டாள்.

எப்படி ஆரம்பிப்பது என்று நயினாருக்குத் தெரியவில்லை. மோரைக் குடித்து முடித்தார். பிறகு, "மதனா பேர்ல ஒரு ஷேர் இருக்குது மாப்பிள்ள" என்றார்.

"தெரியும் மாமா."

நயினார் அவனை நிமிர்ந்து பார்த்தார்.

"வந்த புதுசுலயே சொன்னா. எங்கப்பா எனக்குன்னு வாங்கி வெச்சிருக்காரு, அத நாம தொடக்கூடாது, வயசாயிட்டா ரெண்டு பேருக்கும் அதுதான் சோறுன்னுவா. பத்தொம்போது வயசுல வயசாயிட்டான்னு பேசறாளேன்னு நான் சிரிப்பேன்."

"அப்புறம் நீங்க கேக்கவே இல்லியே."

"எந்த மூஞ்சிய வெச்சிக்கினு கேக்கறது மாமா."

ஐந்து வருஷத்துக்கு மேலாக, அவனுக்குத் தெரிந்தால் பிடுங்கிக்கொள்வான் என்று பயந்து பயந்து வைத்திருந்தது அது. நயினாருக்குக் கால் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருக்கத்தான் முடிந்தது. தாங்கள் இருக்கும் நிலையைச் சொன்னார். தன் வாயால் அதை இந்த வீட்டில் சொல்ல நேர்ந்ததே என்று இருந்தது. சந்திரப்பிரபு முழுதாகச் சொல்லவிடவில்லை. எனக்கு வேண்டாம் மாமா, உங்க ரெண்டு பேருக்கே எழுதிக் கொடுத்துடறேன், எங்க வந்து கையெழுத்துப் போடணும்னு சொல்லுங்க என்றான்.

வண்டிக்காரன் காத்திருந்தான். நயினார் எழுந்தபோது சந்திரப்பிரபு எழவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

"அன்னிக்கி நான் காலையிலியே வண்டி கட்டிட்டேன் மாமா. ஏரி ரொம்பி கலங்கல் தண்ணி ரோட்டு மேல இடுப்பளவு போயிக்கினு இருந்துது. மாடு எறங்கல. சுத்திக்கினு கழனி வழியாவே ஓட்டினேன், சக்கரம் சேத்துல மாட்டிக்குச்சு. ஆளுங்கள இட்டாந்து தூக்கறதுக்குள்ள மத்தியானம் ஆயிடுச்சி. இத ஒருத்தரும் என்னிய கேக்கல."

நயினார் மறுபடி உட்கார்ந்தார். அவன் எல்லாவற்றையும் சொன்னான். அவள் என்ன பேசினாள், எப்போது தண்ணீர் கேட்டாள், எப்போது பேச்சு நின்றது என்று எல்லாம். உள்ளே சாந்திமதி அழுவது கேட்டது. கிளம்பும்போது நயினார் அவன் தோளில் கைவைத்தார்.

வீட்டுக்கு வந்து, கையெழுத்துப் போடுகிறானாம் என்றார். அவன் காலையிலேயே வண்டி கட்டியதையும் சக்கரம் சேற்றில் மாட்டியதையும் சொன்னார். தயாவதி முறத்தில் அரிசியைப் புடைத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். சொல்லாமல் அவர் தன்னோடு வைத்துக்கொண்டது ஒன்று இருந்தது. அவளும் கேட்கவில்லை.

தாலுகா ஆபீசில் வாரிசுச் சான்று, இறப்புச் சான்று, முத்திரைத்தாள் என்று மாசங்கள் போயின. சந்திரப்பிரபு கூப்பிட்டபோதெல்லாம் வேலையைப் போட்டுவிட்டு வந்தான். வீட்டுப் படியேறாமல் வெளியிலேயே நின்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் பஸ் ஏறினான். பத்திரம் இவர்கள் பேருக்கு மாறுவதற்குள் ஆனி வந்துவிட்டது. அந்த மாசம் கம்பெனிகள் இஷ்டத்துக்கு டிவிடெண்டு தரக்கூடாது என்று டெல்லியில் அவசரச் சட்டம் போட்டார்கள். ஷேர் மார்க்கெட் ஒரேயடியாக விழுந்தது.

கோதண்டபாணி பதறிப்போய் வந்தார். தன் மில் ஷேரைச் சென்ற வருஷமே விற்றுத் தப்பித்தவர் அவர். இப்போது விற்காதீர்கள், கொஞ்சம் பொறுங்கள் என்றார். பொறுக்க என்னிடம் வருஷம் இல்லை சார் என்றார் நயினார். சித்திரையில் போயிருக்கக்கூடிய விலையில் சரிபாதிக்குத்தான் போயிற்று. அந்தப் பணத்தையும் தபால் ஆபீசில் போட்டார்கள். வட்டி அரிசிக்கும் எண்ணெய்க்கும் ஆகும். கண் ஆபரேஷனுக்கு ஆகாது.

பணம் கட்டிவிட்டு வந்த அன்று சாயங்காலம் தயாவதி சோறு வடித்து இறக்கி வைத்திருந்தாள். சமணர்களானதால் அவர்கள் பொழுது சாய்ந்தால் சாப்பிடுகிறவர்கள் இல்லை. இலையைப் போட வந்தவள் போடாமல் அவர் எதிரில் உட்கார்ந்தாள்.

"வண்டியில வரப்போ மதனா என்னிய கேட்டாளாமா?"

பொய் சொல்லலாமா என்று நயினார் யோசித்தார். அவள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கேட்டாளாம். அம்மா கிட்ட போயிடலாம், அம்மா கிட்ட போயிடலாம்னு சொல்லிக்கினே வந்தாளாம்."

"எதுவரிக்கும்?"

"வாலாஜாபாத் வரிக்கும்."

தயாவதி தலையாட்டினாள். "அந்தப் புள்ளைய நான் ஆஸ்பத்திரி வாசல்ல அப்படிப் பேசியிருக்கக் கூடாது" என்றாள். இலை மடித்தபடியே அவள் மடியில் கிடந்தது. வெளியே வெளிச்சம் குறைந்து, கூரை ஓட்டிலிருந்து வெயில் போய்விட்டது. அன்றைக்கு இரண்டு பேரும் சாப்பிடவில்லை.