வலக்கைப் பிரபு

பிளாக்டவுன் முதியோர் இல்லத்தில் அன்று மத்தியானம் முடிசூட்டு விழா. இங்கிலாந்து அரசியார் முடிசூடி அறுபது வருடமாகிறதாம். அந்தப் பழைய விழாவை இல்லத்துக் கிழவர்களே நடித்துக் காட்டப்போகிறார்கள். அரசி வேடம் ஹேஸல் அம்மையாருக்கு. பக்கவாதம் வந்த வலக்கையால் அவர் கரண்டியைக்கூடத் தூக்கமாட்டார். செங்கோலை எப்படிப் பிடிப்பார்?

அதற்கும் ஒரு பிரபு உண்டென்று ஒத்திகையில் சொன்னார் நாடகத்தை எழுதிய ஓய்வுபெற்ற சரித்திர ஆசிரியர். ஒரு பிரபு வாளைச் சுமப்பார், ஒருவர் குதிரைவீரர் காலில் மாட்டும் பொன் குதிமுள்ளைக் கொண்டுவருவார்; இன்னொருவருக்கோ அரசியின் வலக்கைக்குக் கையுறை கொடுத்து, அந்தக் கை சோராமல் தாங்குவதே உரிமை. அடேயப்பா, கை தாங்கவும் ஒரு பிரபுவா! இரண்டு வருடமாக அதே கையைத் தாங்கிக் குளிப்பாட்டி உடுத்திவிடும் விக்னராஜாவை எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

அவனுடைய விசாவில் வேலை செய்யும் அனுமதி விழா நாளோடு முடிகிறது. ஹேஸலிடம் அதைச் சொல்ல ஒரு வாரமாக வாய் வரவில்லை, பாவிக்கு.

"என்ன பிரபு, சிவப்புப் போர்வை நல்லாத்தான் இருக்கு. அவவுக்குச் சொல்லிப்போட்டியோ?" என்று குசினிக்குள்ளிருந்து கேட்டார் அங்கே சமைக்கும் சந்திரகலா அன்ரி.

"இல்லை அன்ரி. எப்பிடிச் சொல்லுறது?"

மண்டபத்தில் குளிர்கால வெயில் மஞ்சளாக மிதந்தது. யாரோ பியானோ வாசித்தார்கள். விக்னராஜா சப்பாத்தைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு போனான். பக்கத்து ஊரான மேய்ஸ் ஹில் கோயிலில் சுவாமிக்குக் குடை பிடித்த பழக்கம். இங்கிலாந்தில் எந்தப் பிரபு அப்படி நின்றானோ, தெரியாது. ஹேஸலின் வலக்கையில் கையுறையை மாட்டி, முழங்கைக்குக் கீழே தன் உள்ளங்கையைக் கொடுத்தான். செங்கோல் மெல்ல எழுந்தது. அட்டைக் கிரீடத்தின் கீழே கிழவியின் முகத்துக்கு இருபது வயதாகிவிட்டது. அவர் உட்கார்ந்திருப்பது சக்கர நாற்காலி என்பதே அவனுக்கு மறந்துபோயிற்று.

பிரபுக்கள் ஒவ்வொருவராக வந்து விசுவாசம் கூறினார்கள். கடைசியில் அவன் முறை. பிடித்த கையை விடாமலே முழந்தாளிட்டான்.

"உங்களுக்கு உண்மையாக இருப்பேன்," என்று மனப்பாடம் செய்ததை ஒப்பித்தான். சொன்ன பிறகு அவனால் தாங்க முடியவில்லை. உண்மை என்று வாயால் சொல்லிவிட்டு அதை மறைப்பதா?

"நாளைக்கு நான் வரமாட்டேன், ஹேஸல்," என்றான் காதோடு. "இனி வேலைக்கு விடமாட்டார்கள்."

ஹேஸல் அவனையே பார்த்தார். கைதட்டல் ஓய்ந்தது, பியானோ நின்றது, எல்லோரும் கேக் மேசைக்குப் போய்விட்டார்கள். விக்னராஜா செங்கோலை வாங்க மற்றக் கையை நீட்டினான்.

"அப்படியென்றால் என் கையை இன்னும் கீழே இறக்காதே," என்றார் அரசி.

அவன் இறக்கவில்லை.