வெந்நீரும் வெறுங்கையும்

ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் எடுக்கும் வேலை அவளுக்கு. நாள் முழுக்கப் பிறத்தியார் கைகளைத் தடவி நரம்பு தேடுகிறவள், மாதத்தில் ஒரு சனிக்கிழமை மதியம் தன் தலையை இன்னொருத்தி கையில் ஒப்படைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வாள்.

பார்லரின் பின்னறையில் சாய்வு நாற்காலிகள் கிடக்கும். கழுத்தைப் பீங்கான் தொட்டியின் விளிம்பில் வைத்ததும் வெந்நீர் வரும். முதலில் நெற்றியோரம், பிறகு காதுக்குப் பின்னால், பிறகு பிடரி. தலை அலசும் அந்தம்மாளின் விரல்கள் இறங்க இறங்க, தான் எங்கே இருக்கிறோம் என்பதே அவளுக்கு மறந்துபோகும். அறை மெல்ல மிதக்கும். பக்கத்தில் ஓடும் டிரையரின் சத்தம் எங்கோ தொலைவில் போகிற ரயிலாகிவிடும். பாதித் தூக்கத்தில் எதையாவது உளறுவாள். எப்போதாவது கண்ணைத் திறந்தால் அந்தம்மாளின் முகம் மேலே தலைகீழாகத் தொங்கும். அதைப் பார்த்தபடியே மறுபடி சொக்கிப்போவாள்.

எழுந்து துவட்டிக்கொண்டு, கல்லாவில் பில்லைக் கட்டிவிட்டுப் போய்விடுவாள். டிப்ஸ் கொடுப்பதில்லை. கொடுக்கக் கை வராது என்றில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஊசி குத்தியதே தெரியவில்லை என்று மகிழ்ந்துபோன ஒரு பெரியவர் அவள் உள்ளங்கையில் ஒரு நோட்டை வைத்து அழுத்தினார். உடனே திருப்பிக் கொடுத்துவிட்டாள். ஆனாலும் அன்றெல்லாம் உள்ளங்கை சுட்டது. தனக்குச் சுட்டதை இன்னொருத்தி கையில் வைக்கக் கூடாது என்பது அவள் கட்சி. "சம்பளம் குடுக்க வேண்டியது முதலாளி. நடுவுல நாம யாரு?" என்று வீட்டில் கேட்பாள். வீட்டுக்காரர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "காசு மிச்சமாகுற கொள்கைன்னா புடிச்சு நிக்கிறது சுலபம்தான்" என்பார்.

இப்படியிருக்கையில் மகன் ஒரு பெண்ணை விரும்பினான். சும்மா போய்ப் பேசிவிட்டு வரலாம் என்று மூவரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை பெண் வீட்டுக்குப் போனார்கள். மாடியில் இரண்டே அறை. கதவைத் திறந்த பெண்ணின் அம்மா, "வாங்க, உள்ள வாங்க" என்றதும் அவளுக்குப் பிடரி சிலிர்த்தது. முகம் புதிது. குரல் மட்டும் வெந்நீருக்கு அடியிலிருந்து கேட்பது போல இருந்தது. டீக் கோப்பையை நீட்டிய விரல்களைப் பார்த்தாள். நுனியெல்லாம் ஈரத்தில் ஊறி வெளுத்த விரல்கள். மனதுக்குள் அந்த முகத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தாள். பார்லரில் தலை அலசும் அதே அம்மாள்.

அந்தம்மாள் சிரித்தாளே தவிர, ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை. பெண்தான் வாய் தவறி, "அம்மா, நீ சொல்லுவியே, அவங்கதான இவங்க" என்று ஆரம்பித்து, அம்மாவின் பார்வை பட்டதும் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அந்தப் பாதிப் பேச்சு அவளைத் தூங்கவிடவில்லை. அடுத்த முறை பார்லருக்குப் போனபோது ஒரு நோட்டைக் கைக்குள் மடித்து வைத்துக்கொண்டாள். கொடுத்தால் சம்பந்தியம்மாளைக் கூலியாள் ஆக்கியதாகும். கொடுக்காவிட்டால் உறவைச் சொல்லி நழுவியதாகும். இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு தொட்டியில் தலையைச் சாய்த்தாள். இன்று கண்ணை மூடவில்லை.

"இங்க எனக்கு என்ன பேரு வச்சிருக்கீங்க?"

தண்ணீர் ஒரு கணம் நின்றது. "தூங்குமூஞ்சி அம்மா."

"இன்னொரு பேரும் இருக்குமே."

"வெறுங்கை அம்மான்னும் சொல்லுவாங்க. அது கல்லாவுல இருக்கறவ வச்சது. நான் வச்சது மொதப் பேருதான்."

அவள் அந்தப் பழைய நோட்டின் கதையை எல்லாம் சொன்னாள். விரலை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டிருந்த அந்தம்மாள் சொன்னாள்: "உங்களுக்கு மாசம் பொறந்தா மொத்தச் சம்பளமும் வந்துரும். அதான் சுட்டுது. எனக்கு அது பஸ்ஸுக்கு ஆகும், பாலுக்கு ஆகும். எனக்கு எங்க சுடப்போவுது? நீங்களா நெனச்சுக்கிட்டீங்க."

"அப்ப எம்மேல வருத்தமா?"

"வருத்தம்னு இல்ல. கைய வச்சதுமே நீங்க சொக்கிப்போறதப் பாத்தா எனக்கே ஒரு சந்தோஷம். காசு குடுத்திருந்தா அதுவும் சந்தோஷமாத்தான் இருந்திருக்கும். காசுக்கு இது ஈடு இல்ல பாருங்க."

"இன்னிக்குக் கொண்டாந்திருக்கேன்."

"இனிமே வேணாம். வாங்கினா எம்பொண்ணு மூஞ்சில எப்படி முழிப்பேன்? அடுத்த தடவ பக்கத்து நாற்காலிக்குப் போங்க. அங்க ஒருத்தி புதுசா சேந்திருக்கா. அவளுக்குக் குடுங்க."

"நீங்க எனக்கு அலச மாட்டீங்களா?" குழந்தைபோலக் கேட்டுவிட்டாள்.

"சம்பந்தியானப்புறம் எப்படி? தூக்கத்துல நீங்க உளறுறது பூரா உங்க வீட்டு விஷயம். மாப்பிள்ளையப் பத்தினத மட்டும் கொஞ்சம் காதுல வாங்கிக்கிட்டேன்."

தலையெல்லாம் நுரையோடு அவளும் கையெல்லாம் நுரையோடு அந்தம்மாளும் சிரித்த சிரிப்பில் கல்லாக்காரி எட்டிப் பார்த்தாள்.

அடுத்த மாதம் சொன்னபடியே பக்கத்து நாற்காலி. புதியவளின் விரல்கள் அவசர விரல்கள். காதுக்குள் சோப்பு போனது. அறை மிதக்கவில்லை. டிரையர் டிரையராகவே இரைந்தது. எழுந்து அந்த நோட்டை நீட்டினாள். புதியவள் "தேங்ஸ்க்கா" என்று வாங்கி, இயல்பாக இடுப்பில் செருகிக்கொண்டு அடுத்த தலைக்குப் போய்விட்டாள். அவ்வளவுதான். கண்ணாடியில் சம்பந்தியம்மாள் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தம்மாள் பார்க்கிறாள் என்பதற்காகக் கொடுத்தோமா, சரியென்று பட்டுக் கொடுத்தோமா என்று அவளுக்கே பிடிபடவில்லை. இரண்டும் கலந்துதான் இருக்கும் என்று விட்டுவிட்டாள்.

அன்று அந்தம்மாளுக்கு வேலை சீக்கிரம் முடிந்தது. இருவரும் சேர்ந்து நடந்தார்கள். வழியில் ஒரு வாசலில் 'வீடு வாடகைக்கு' என்று பலகை தொங்கியது. கல்யாணத்துக்கு அப்புறம் பிள்ளைகளுக்கு ஆகுமா என்று நுழைந்து பார்த்தார்கள். உள்ளே ஒன்றுமில்லாத அறைகளில் மாலை வெயில் தரையோடு தரையாகப் படுத்திருந்தது. பேசுகிற பேச்செல்லாம் சுவரில் பட்டு மெதுவாகத் திரும்பி வந்தது.

"கட்டில இந்தப் பக்கம் போட்டுக்கலாம்" என்றாள் அவள்.

"வெயில் மூஞ்சில அடிக்குமே, சம்பந்தி" என்றபடி அந்தம்மாள் ஜன்னலைத் திறந்தாள்.